எல்லையோரப் பிள்ளைகளும் கலை வகுப்புகளும்

கேரளத்தின் தமிழ்நாட்டு எல்லையோரம், பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, அட்டப்பாடிப் பகுதிகளிலும், இடுக்கி மாவட்டத்தின் மூணாறு, மறையூர், பீர்மேடு, குமுளி ஆகிய இடங்களிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களில், பிள்ளையை எந்தக் கலை வகுப்பில் சேர்ப்பது என்ற பேச்சு எழும்போது, பள்ளி மாணவருக்கான கலைப்போட்டி விழாவான கேரளப் பள்ளிக் கலோத்சவம் பெரும்பாலும் அதன் பின்னணியில் இருக்கும். 1957-இல் எறணாகுளத்தில் தொடங்கிய இவ்விழா, பள்ளி அளவில் ஆரம்பித்து, உபமாவட்டம், மாவட்டம் என்று ஏறி மாநில மேடையை அடைகிறது. தரநிலை பெறும் மாணவருக்குத் தேர்வில் கருணை மதிப்பெண்ணும் கிடைப்பதால், கலையில் ஆர்வமில்லாத வீடுகூட அதனைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. தமிழ்க் கவிதை ஒப்புவித்தலுக்கும் தமிழ்ப் பேச்சுக்கும் அதில் தனிப் போட்டிகள் உண்டு என்பது எல்லையோரப் பிள்ளைகளுக்குச் சிறிய ஆதாயமன்று.

ஆயினும் போட்டிக்காகக் கற்பதும் கலையைக் கற்பதும் ஒன்றல்ல. பரதநாட்டியத்தில் அடவு என்பது காலடி, கையசைவு, உடல்நிலை மூன்றும் இணைந்த அடிப்படை அலகு. அடவுகளில் தேறிய பின்னரே உருப்படி, அதாவது மேடையில் ஆடும் தனி நிகழ்ச்சி, கற்பிக்கப்படுவது மரபு. கலோத்சவ மேடையிலோ ஓர் ஆட்டத்துக்குப் பத்து நிமிடமே என்பதால், அந்தப் பத்து நிமிடத்தை மட்டும் மாதக்கணக்கில் பழக்கி, உடை, ஒப்பனை, பக்கவாத்தியம் என்று பெற்றோரின் பணத்தைக் கரைக்கும் வகுப்புகளும் தோன்றிவிட்டன. அத்தகைய வகுப்பிலிருந்து வெளிவரும் பிள்ளைக்கு ஓர் உருப்படி தெரியும். வேறொரு பாடலுக்குத் தானே நான்கு அடவு கோத்து ஆடத் தெரியாது.

இதே கலோத்சவம்தான், 2025 ஜனவரியில் திருவனந்தபுரத்தில் நடந்தபோது, பழங்குடிக் கலைகள் ஐந்தினை முதன்முறையாகப் போட்டிப் பட்டியலில் சேர்த்தது. அவற்றுள் மூன்று இவ்வெல்லைப் பகுதிக்கே உரியவை: அட்டப்பாடியின் இருளர் நடனம், மறையூர், காந்தளூர் மலைகளில் வாழும் மலைப்புலையரின் மலைப்புலையாட்டம், குமுளிப் பக்கத்துப் பளியர் நடனம். மாரியம்மன் கோவில் விழாவில் உருமி மேளம் முழங்க ஆடப்பட்டு, தாத்தா பாட்டியரைப் பார்த்தே பிள்ளைகள் பழகிக்கொண்ட ஆட்டம் மாநில மேடைக்கு வந்தது பெருமைதான். ஆனால் ஊர்த்திருவிழாவில் நேரக்கட்டுப்பாடு இல்லை, நடுவரும் இல்லை. விதிக்குள் அடங்கும்போது ஆட்டத்தில் எது உதிர்கிறது என்பதை அப்பழங்குடி மக்களே சொல்ல முடியும். ஆகவே பள்ளி இவ்வாட்டத்தைக் கற்பிக்க முன்வந்தால், கற்பிப்பவர் அச்சமூகத்தின் மூத்த கலைஞரா, அல்லது காணொளியைப் பார்த்து அமைத்தவரா என்று பெற்றோர் கேட்பதே முறை.

மேடை என்றாலே ஒதுங்கும் பிள்ளைக்குப் பாலக்காட்டு மண்ணில் தோல்பாவைக் கூத்து இருக்கிறது. பகவதி கோவில்களில் இக்கூத்துக்கான மேடையான கூத்துமாடத்தில், வெள்ளைத் திரைக்குப் பின்னே இருபத்தொரு விளக்குகளை வரிசையாக ஏற்றி, தோலில் வெட்டிய பாவைகளின் நிழலைத் திரையில் விழச்செய்து, கம்பராமாயணப் பாடல்களைப் பாடி விளக்கம் சொல்லும் கலை அது. சொல்பவர் புலவர் எனப்படுவார். மலையாள நாட்டுக் கோவிலில் கம்பனின் தமிழ் இரவு முழுவதும் ஒலிப்பதைத் தமிழ்ப் பெற்றோரே பலர் அறியாமல் இருப்பது வியப்புக்குரியது. ஷொர்ணூருக்கு அருகிலுள்ள கூனத்தறையில் இக்கலையைப் பேணும் குடும்பத்தைச் சேர்ந்த இராமச்சந்திரப் புலவருக்கு 2021-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. நிழற்பாவைப் பயிற்சியில் ஆட்டுவோர் திரைக்குப் பின்னே மறைந்திருப்பதால், கூச்சமுள்ள பிள்ளை தன் முகத்தைக் காட்டாமலே கதை சொல்லலாம். வரையத் தெரிந்தவர் பாவை வெட்டலாம், குரலுள்ளவர் பாடலாம். தோல் கிடைக்காவிட்டால் கெட்டி அட்டையும் ஒரு விளக்கும் பழைய வேட்டியும் போதும்.

செலவும் தொலைவும் தனிக் கவலைகள். தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் குடியிருக்கும் குடும்பம், மாலைப் பேருந்தைத் தவறவிட்டால் திரும்ப வழியில்லாத நகர வகுப்பைவிட, நடந்து போகும் தொலைவிலுள்ள குழுவை நாடுவதே நடைமுறைக்கு ஒத்தது. பள்ளிகளிலுள்ள வித்யாரங்கம் கலை இலக்கிய மன்றம், கிராம நூலகங்களின் சிறுவர் பிரிவான பாலவேதி, கேரள மகளிர் சுயஉதவி அமைப்பான குடும்பஸ்ரீ சிறுவருக்காக நடத்தும் பாலசபை ஆகியவை பெருங்கட்டணம் கேட்பதில்லை. அவை எல்லா ஊரிலும் ஒரே உயிர்ப்புடன் இயங்குவதில்லை என்பதும் உண்மையே. ஆர்வமுள்ள ஓர் ஆசிரியரோ நூலகரோ இருந்தால் செழிக்கும், மாற்றலாகிப் போனால் பெயர்ப்பலகை மட்டும் மிஞ்சும். எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டில், 5 முதல் 16 வயது வரையுள்ளோருக்காகக் கலை பண்பாட்டுத் துறை ஜவகர் சிறுவர் மன்றங்களை நடத்துகிறது.

எந்தக் குழுவாயினும், ஆண்டுவிழா நாளில் அல்லாமல் சாதாரண நாளில் சென்று, தாளம் தவறும் பிள்ளையிடம் ஆசிரியர் எப்படி நடந்துகொள்கிறார் என்று பெற்றோர் அரைமணி நேரம் உட்கார்ந்து பார்ப்பது நல்லது. மாநிலக் கலோத்சவம் வழக்கமாக ஜனவரியில் முடிந்துவிடும். பிப்ரவரியில் அந்த வகுப்பறை திறந்திருக்கிறதா என்பதையும் விசாரித்துக்கொள்ளலாம்.