கொட்டாத குளவியும் கொழுந்து தின்னும் புழுவும்



குளவி என்று சொன்னாலே மலையில் கொழுந்து எடுக்கும் நமக்கு நெஞ்சு பதறும். குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குப் போனவர்களையும் உயிரை விட்டவர்களையும் நாம் அறிவோம். ஆனால் எல்லாக் குளவியும் ஒன்றல்ல. மனிதரைத் தாக்காத ஒரு சிறு குளவி நமது தேயிலையைக் காத்து வருகிறது. அதையும் அதற்கு இரையாகும் அந்துப்பூச்சியையும் ஒப்பிட்டுப் பார்ப்போம்.

அந்துப்பூச்சி பழுப்பு நிறமானது. செடியில் உட்கார்ந்தால் சின்ன மணியைப் போலத் தெரியும். மீன் செதில் அடுக்கின மாதிரி, இலையின் மேல் கூட்டமாக முட்டையிடும். அதிலிருந்து வரும் புழு நூல் விட்டு இலைகளை ஒட்டிக் கூடாக்கி, உள்ளே இருந்து தின்னும்.

குளவிக்கு மெல்லிய உடம்பு, நீண்ட மீசை. பெண் குளவியின் பின்னால் ஊசி போன்ற குழல் உண்டு. அதைக் கொண்டு இளம் புழுவின் உடம்புக்குள் முட்டை வைக்கும். அந்த ஒரே முட்டை பலவாகப் பிரிந்து, பல குளவிக் குஞ்சுகளாகும். அவை புழுவை உள்ளிருந்தே தின்று வெளியே வந்து, பக்கத்தில் சிறு கூடுகளை நெருக்கமாகக் கட்டும்.

முன்பு இந்த முட்டைகளைத் தொழிலாளர்கள் கையால் பொறுக்கினார்கள். 1935, 1936ஆம் ஆண்டுகளில் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தார் ஜாவாவிலிருந்து இந்தக் குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். புழுவின் தொல்லை வெகுவாகக் குறைந்தது. பிறகு 1960களை ஒட்டி, தண்டைத் துளைக்கும் வண்டுக்காக டீல்ட்ரின் மருந்து அடித்தபோது குளவியும் செத்தது. புழு மறுபடி பெருகியது!

கிலோ நிறைக்கிற அவசரத்தில் இதையெல்லாம் பார்க்க முடியுமா என்று கேட்பீர்கள். மூன்று விஷயம் போதும்:

1. செதில் போன்ற முட்டைக் கூட்டத்தைக் கண்டால் கணக்கப்பிள்ளையிடம் காட்டுங்கள்.

2. ஒட்டிய இலைக்குள், செத்த புழுவுக்குப் பக்கத்தில் சிறு கூடுகள் நெருக்கமாக இருந்தால் நசுக்க வேண்டாம். அது நமது காவலாளி.

3. மரத்திலோ பாறையிலோ பெரிய குளவிக்கூட்டைக் கண்டால் கிட்டப் போகாதீர்கள். கங்காணியிடம் சொல்லி எல்லோரும் அந்த இடத்தை விட்டு விலகுங்கள். நிறை குறைந்தாலும் பரவாயில்லை, உயிர்தான் பெரிது.

லயத்துக் காய்கறித் தோட்டத்திலும் இப்படிப்பட்ட சிறு குளவிகள் உண்டு. ஒரு புழுவைக் கண்டவுடன் மருந்துப் போத்தலைத் தேடாதீர்கள். பகையைக் கொல்லப் போய் நட்பையும் கொன்றுவிடக் கூடாது.