கடன் இல்லாமல் ஒரு ஜாம் பிஸ்கட்

பட்டர், சீனி, கோதுமை மா, நடுவில் வைக்கக் கொஞ்சம் ஜாம். ஜாம் பிஸ்கட்டுக்கு வேண்டியது இவ்வளவுதான். சுவீடன் நாட்டில் இதற்கு 'றாஸ்பெறிக் குகை' என்று பொருள்படும் பெயர் வைத்திருக்கிறார்கள். எங்களுக்கு றாஸ்பெறி இல்லை. விளாம்பழமும் பப்பாசியும் இருக்கின்றன.

நத்தார் நெருங்கும்போது பேசாலை, வங்காலைப் பக்கம் இதற்கு நல்ல கேள்வி உண்டு. ஆனால் வீட்டில் பலகாரம் செய்து விற்க நினைக்கும் சகோதரிகள் பலர் முதலில் தேடுவது மாவையல்ல, ஓவன் வாங்கக் கடனைத்தான். எனக்குத் தெரிந்த ஒருவர் 2008 இல் கணவர் காணாமற்போன பின் மூன்று பிள்ளைகளைத் தனியே வளர்த்தவர். வாரத் தவணைக் கடனில் மின்சார ஓவன் வாங்கினார். கடைசியில் அதனை விற்ற பின்பும் தவணை தீரவில்லை. இது அவருக்கு மட்டும் நடந்ததல்ல. வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்ற நுண்கடன்களில் ஒரு பகுதியை 2018 இல் அரசாங்கமே நீக்க வேண்டி வந்தது.

இப்போது அவர் மணற்சட்டியில் சுடுகிறார். கனமான பழைய சட்டியில் இரண்டு அங்குல உயரத்துக்கு மணல் போடுங்கள். கடற்கரை மணலென்றால் உப்புப் போகப் பல தடவை கழுவிக் காயவைக்க வேண்டும். மணலின் மேல் ஒரு வளையம், அதன்மேல் தட்டு. இறுக்கமாக மூடி, மூடியின் மேல் சிரட்டைத் தணலைப் பரப்பி, கால் மணித்தியாலம் சூடேற்றுங்கள். மேலும் கீழும் சூடு இருந்தால்தான் பிஸ்கட் அடிப்பக்கம் கருகாமல் வேகும். முதலில் ஒன்றை மட்டும் வைத்துச் சுட்டுப் பாருங்கள். அது கருகினால் நட்டம் ஒன்றுதான்.

பட்டர் 100 கிராம், சீனி 50 கிராம் (அரைத்தது), அரித்த மா 150 கிராம், ஒரு முட்டை மஞ்சட் கரு. பட்டரையும் சீனியையும் வெளிறும்வரை அடித்து, கருவைச் சேர்த்து, மாவைப் போட்டு மெதுவாகச் சேருங்கள். ரொட்டிக்குப் போல அடித்துக் குழைத்தால் பிஸ்கட் இறுகிவிடும். உப்புப் பட்டர் என்றால் வேறு உப்பு வேண்டாம். எங்கள் வெக்கையில் பட்டர் உருகி வழியும், ஆகவே விடியற்காலையில் செய்வது நல்லது. இல்லையெனில் மாக்கலவைப் பாத்திரத்தைக் குளிர்ந்த நீரில் அரை மணித்தியாலம் வையுங்கள். சிறு தேசிக்காயளவில் 20 உருண்டைகள் வரும். பெருவிரலால் குழி அமுக்கி, அரைத் தேக்கரண்டி ஜாம் வைத்து, ஓரம் பொன்னிறமாகும்வரை சுடுங்கள். மணற்சட்டியில் 20 முதல் 25 நிமிடம் பிடிக்கும்.

ஜாம் தண்ணியாக இருந்தால் கொதித்து வழிந்துவிடும். விளாம்பழத்தில் இயற்கையாகவே உறையும் தன்மை அதிகம். பப்பாசி என்றால் தேசிப்புளி விட்டு, கரண்டியில் ஒட்டும்வரை காய்ச்ச வேண்டும். இன்னொன்று, ஜாமின் ஈரம் இரண்டு மூன்று நாளில் பிஸ்கட்டை இளக்கிவிடும், கடற்காற்று அதற்குத் துணை. அதனால் ஓடர் முன்கூட்டியே வந்தால் குழியுடன் வெறுமையாகச் சுட்டு, ஆறியபின் காற்றுப் புகாத பேணியில் அடைத்து வையுங்கள். கொடுக்கும் நாளில் ஜாமைச் சூடாக்கி நிரப்பலாம்.

விலை போடும்போதுதான் எங்கள் பெண்கள் தோற்றுப் போகிறார்கள். பட்டர், மா, முட்டை, விறகு, பை, பஸ் காசு எல்லாம் கணக்கில் வரும், உடைந்த பிஸ்கட்டும் வரும், கைக்கூலி மட்டும் வராது. "வீட்டு வேலைதானே" என்பார்கள். 20 பிஸ்கட்டுக்கு இரண்டு மணித்தியாலம் போனால், உங்கள் ஊரில் 8 மணித்தியாலத்துக்குக் கிடைக்கும் நாட்கூலியில் காற்பங்கை அதில் சேர்க்க வேண்டும். விலை அதிகமென்று தோன்றினால், கூலியைக் குறைக்காமல் ஒரே தணலில் மூன்று தட்டுச் சுட்டுப் பாருங்கள். பட்டர் விலை கட்டாதபோது பாதிக்கு மாஜரின் கலக்கலாம், ஆனால் அதனைப் பட்டர் பிஸ்கட் என்று சொல்லி விற்காதீர்கள்.

கடைக்குக் கொடுக்கும் முன் உங்கள் பிரிவுப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைச் சந்தியுங்கள். பொதியில் தயாரித்த திகதி, காலாவதித் திகதி, நிறை, சேர்மானங்கள் இருக்கட்டும். நோன்புப் பெருநாளுக்கு எருக்கலம்பிட்டி, தாராபுரத்திலிருந்தும் ஓடர் வரலாம். கடை ஜாம் வாங்கினால் ஜெலற்றின் கலந்ததா என்று லேபலைப் பாருங்கள், அவர்கள் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.