பெட்டியில் இருப்பதைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள்

சென்னை, பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஒருவருக்கு, இணைய விற்பனைக்கான சேலைப் படங்களைத் திருத்திக் கொடுத்துவந்தேன். ஒரு தீபாவளி சமயத்தில் மயில்கழுத்து நிறச் சேலை ஒன்று போன வேகத்தில் திரும்பி வந்தது. எட்டாவது பார்சலும் திரும்பிய அன்று கடைக்குக் கூப்பிட்டார். "தம்பி, நீ போட்ட படத்துல நீலம் பத்திக்கிட்டு எரியுது. கையில வாங்குனா அடக்கமா பச்சை கலந்து இருக்கு. ஏமாத்திட்டீங்கன்னு எழுதுறாங்க. போக வர ரெண்டு கூரியர் காசும் என் தலையிலதான்."

சேலையை ராயபுரத்தில் என் அறைக்குக் கொண்டுவந்து மானிட்டர் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன். என் திரையில் படமும் சேலையும் ஒன்றாகத்தான் இருந்தன. அதே படத்தைக் கைபேசியில் திறந்தேன். நீலம் எரிந்தது. என் மானிட்டர் எல்லா நிறத்தையும் மங்கலாகக் காட்டியது. அதை ஈடுகட்ட நான் நிறத்தை ஏற்றிக்கொண்டே போயிருக்கிறேன். ஒன்றிரண்டு சேலைக்கு அல்ல, ஒன்றரை வருடமாக, எல்லாப் படத்துக்கும்.

அந்த மானிட்டரை வாங்கும்போது நான் நிறத்தைப் பற்றித்தான் கேட்டேன். கடைப் பையன் பெட்டியைக் காட்டி, "1 கோடியே 67 லட்சம் கலர் சார், டிசைனருங்க எல்லாம் இதைத்தான் வாங்குறாங்க" என்றான். பில் இல்லாமல் வாங்கினால் விலை குறையும் என்றார் முதலாளி. சரி என்றேன். பிற்பாடு போய்க் கேட்டபோது அவர்களிடம் காட்ட என் கையில் ஒரு காகிதமும் இல்லை.

பெட்டியில் இருந்த எண் பொய்யல்ல. ஆனால் அது நான் கேட்ட கேள்விக்குப் பதிலும் அல்ல. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் 256 படிகள் வீதம் பெருக்கினால் 1,67,77,216 வரும். அது படிகளின் எண்ணிக்கை. மாடி எவ்வளவு உயரம் என்பதை அது சொல்லாது. குட்டைச் சுவரிலும் 256 படி கட்டலாம். உயரத்தைச் சொல்வது நிறப்பரப்பு என்ற அளவு. இணையத்துக்கும் கைபேசிக்கும் வேலை செய்பவர்களுக்கு அதன் அடிப்படை அளவுகோல் எஸ்.ஆர்.ஜி.பி. 1996-இல் எச்.பி.யும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து முன்வைத்த வரையறை அது. 1999-இல் பன்னாட்டுத் தரமானது. நம் வேலைக்கு மானிட்டர் அதில் 99 அல்லது 100 சதவீதத்தைத் தொட வேண்டும்.

மலிவு மாடல்களின் விவரத்தாளில் பல சமயம் எஸ்.ஆர்.ஜி.பி. என்ற சொல்லே இருக்காது. அதற்குப் பதில் '45% என்.டி.எஸ்.சி.' என்றிருக்கும். என்.டி.எஸ்.சி. என்பது 1953-இல் அமெரிக்க வண்ணத் தொலைக்காட்சிக்கு வகுத்த பழைய அளவுகோல். அதில் 72 சதவீதம்தான் எஸ்.ஆர்.ஜி.பி.யின் பரப்பளவுக்குச் சமம். 45 என்றால் நமக்கு வேண்டியதில் மூன்றில் இரண்டு பங்குகூட இல்லை. என் மானிட்டர் இந்த ரகம். மடிக்கணினிகளிலும் இது ஏராளம். '125% எஸ்.ஆர்.ஜி.பி.' என்று போட்டிருந்தாலும் மயங்க வேண்டாம். அது மொத்தப் பரப்பளவு. ஒரு பக்கம் வழிந்து இன்னொரு பக்கம் குறைந்தும் இருக்கலாம். 'கவரேஜ்' எவ்வளவு என்று கேளுங்கள்.

நிறப்பரப்புக்கு அடுத்தது டெல்டா ஈ. வர வேண்டிய நிறத்துக்கும் வந்த நிறத்துக்கும் உள்ள தூரம் அது. ஏறக்குறைய 1 வரை கண்ணுக்குத் தெரியாது. 2-க்குள் இருந்தால் தாராளமாக நம்பி வேலை செய்யலாம். ஆசுஸ் புரோஆர்ட், டெல் அல்ட்ராஷார்ப், பென்க்யூ போன்ற வரிசைகளில் ஆலையிலேயே அளந்து சரிசெய்த மாடல்கள் உண்டு. சிலவற்றின் பெட்டிக்குள் அந்த அளவீட்டு அறிக்கையும் இருக்கும். அவ்வளவு செலவு செய்ய முடியாதவர்களுக்கு, 24 அங்குல ஐ.பி.எஸ். பேனல், 99 சதவீத எஸ்.ஆர்.ஜி.பி. என்று எழுதிக் கொடுக்கும் சாதாரண மாடலே போதும். டி.என். பேனல் வேண்டவே வேண்டாம். தலையை இரண்டு விரல் உயர்த்தினால் மணப்பெண் முகம் வெளுக்கும், தாழ்த்தினால் கறுக்கும். ஆல்பம் போடுகிறவர் எந்த முகத்தை நம்புவது? விளையாட்டுக்கென்று விற்கும் 165 ஹெர்ட்ஸ் வேகம், வளைந்த திரை இவற்றுக்குக் கொடுக்கும் காசு நம் தொழிலுக்கு உதவாது.

கடைக்குப் போகும்போது பென் டிரைவில் உங்களுக்கு மனப்பாடமான படம் ஒன்றும், அதே படத்தின் நல்ல பிரிண்ட் ஒன்றும் எடுத்துப் போங்கள். கறுத்த முகமும் கறுத்த கூந்தலும் உள்ள படமாக இருக்கட்டும். நெற்றியோரம் முடி இழை இழையாகப் பிரிகிறதா, மொத்தையாக அப்பிக்கிடக்கிறதா என்று பாருங்கள். நிழலை விழுங்கும் மானிட்டரில் வேலை செய்கிறவர் தன்னையறியாமல் முகங்களை வெளுத்துக்கொண்டே போவார். நம் ஊர்க் கல்யாண ஆல்பங்களில் சொந்த அத்தையையே அடையாளம் தெரியாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன். பிறகு, கறுப்பிலிருந்து வெள்ளைக்கு மெல்ல மாறும் பட்டையைத் திறங்கள். வரி வரியாக உடைந்தால் பேனல் மட்டம். முழுச் சாம்பல் நிறத்தைத் திறந்து நாலு மூலையும் ஒரே சீராக இருக்கிறதா என்று பாருங்கள்.

நிறம் பிசகுவதால் வரும் நட்டம் சேலையோடு முடிவதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் அடித்துவந்து எண்ணூர் கழிமுகத்தில் படிந்தபோது, படகிலும் வலையிலும் ஒட்டிய கசடை மீனவ இளைஞர்கள் கைபேசியிலும் கேமராவிலும் பதிவு செய்தார்கள். கறுப்புத் தண்ணீர் மேல் கறுப்புப் படலம். மோசமான திரையில் இரண்டும் ஒன்றாகத் தெரியும். வித்தியாசம் காட்டுவதற்காக நிறத்தை ஏற்றினால், எதிர்த்தரப்பு "படத்தை மாற்றிவிட்டார்கள்" என்று சொல்ல வழி கிடைக்கும். அப்படிப்பட்ட படங்களில் மூலக்கோப்பைத் தொடாமல் தனியே வையுங்கள்.

வாங்கி வந்த பிறகு அறையும் கணக்கில் சேரும். எங்கள் பக்கத்து வீடுகளில் சுவருக்குக் கிளிப்பச்சையும் ரோஸும் அடிப்பது வழக்கம். என் அறையும் பச்சைதான். கண் அந்தப் பச்சைக்குப் பழகிவிட்டால் திரையில் உள்ள வெள்ளை செம்மை பூத்துத் தெரியும். மானிட்டருக்குப் பின்னால் உள்ள சுவரில் மட்டும் வெளிர் சாம்பல் அடித்தேன். அதற்குப் பதில் சாம்பல் துணி ஒன்றைத் தொங்கவிட்டாலும் போதும். இரவில் திரையை மஞ்சளாக்கும் 'நைட் லைட்', 'விவிட்', 'டைனமிக் கான்ட்ராஸ்ட்' மூன்றையும் அணைத்துவிடுங்கள். வெளிச்சத்தைக் குறையுங்கள், பிரிண்டுக்குப் போகும் வேலைக்கு 80 முதல் 120 நிட் போதும். பிரிண்ட் இருட்டாக வருகிறது என்று லேபைத் திட்டுகிறவர்களில் பாதிப்பேர் திரையை முழு வெளிச்சத்தில் வைத்திருப்பவர்கள். கடலோர உப்புக்காற்று கேபிள் முனைகளை அரிக்கும், அதனால் கடலைப் பார்த்த ஜன்னலுக்கு நேரே வைக்காதீர்கள்.

எந்தப் பேனலும் நாளாக நாளாக நிறம் மாறும். அதை அளந்து திருத்த ஸ்பைடர், கேலிபிரைட் போன்ற கருவிகள் இருக்கின்றன. தனி ஆளுக்கு விலை அதிகம். நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒன்று வாங்கி, ஆளுக்கு ஒரு வாரம் என்று சுற்றில் விடுகிறோம். அளப்பதற்கு முன் மானிட்டர் அரை மணி நேரம் ஓடியிருக்க வேண்டும். டிஸ்ப்ளேகால் என்ற மென்பொருள் இலவசம். ஆனால் பேனலில் இல்லாத நிறத்தை எந்தக் கருவியும் கொண்டுவராது.

இனி உரிமை. 'தொழிலுக்கு வாங்கினீர்கள், நீங்கள் நுகர்வோர் இல்லை' என்று கடைக்காரர் சொன்னால் பின்வாங்காதீர்கள். வணிக நோக்கத்துக்கு வாங்குபவரை 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் விலக்குகிறது என்பது உண்மை. ஆனால் சுயதொழில் செய்து, அதன் மூலம் பிழைப்பதற்காக மட்டுமே வாங்கிப் பயன்படுத்துவது வணிக நோக்கம் ஆகாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. 1995-இல் லக்ஷ்மி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் என்ற நிறுவனத்துக்கும் கோவை பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிட்யூட்டுக்கும் நடந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விளக்கியது. பெரிய இயந்திரம் வாங்கிய நிறுவனம் அதில் தோற்றது. ஆனால் தானே ஓட்டிப் பிழைக்க ஆட்டோ வாங்குபவர், தானே இயக்கிப் பிழைக்க லேத் வாங்குபவர் நுகர்வோரே என்று நீதிமன்றம் சொன்னது; உதவிக்கு ஓரிருவரை வைத்துக்கொண்டாலும் அந்த நிலை மாறாது என்றது. ஆட்டோவுக்குப் பொருந்துவது உங்கள் மானிட்டருக்கும் பொருந்தும். புகார் எழுதும்போது 'சுயதொழில், வாழ்வாதாரம்' என்ற இரண்டு சொல்லையும் முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள்.

பில் தராமல் இருப்பதே அந்தச் சட்டப்படி முறையற்ற வணிகம். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று அச்சடித்திருந்தாலும், குறையுள்ள பொருளுக்கு அது செல்லாது. பில்லில் குறித்த காலத்துக்குள், ஒன்றும் குறிக்கவில்லையென்றால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பதும் முறையற்ற வணிகமே. அதனால் முதல் வாரத்திலேயே எல்லாச் சோதனையையும் முடித்துவிடுங்கள். பெட்டி திறப்பதைக் கைபேசியில் பதிவு செய்யுங்கள், சீரியல் எண் தெரியும்படி. அந்த எண்ணை நிறுவனத்தின் தளத்தில் போட்டு வாரன்டி என்று தொடங்கியது என்று பாருங்கள். நீங்கள் வாங்கிய தேதிக்குப் பல மாதம் முன்பே தொடங்கியிருந்தால், உடனே கடைக்காரரிடம் எழுத்தில் விளக்கம் கேளுங்கள். வேறு யாரோ வாங்கித் திருப்பியதாகவும் இருக்கலாம்.

டெட் பிக்சல் விஷயத்தில் மட்டும் எச்சரிக்கை. ஒரு புள்ளி அணைந்திருந்தாலே மாற்றித் தருவார்கள் என்று எண்ணாதீர்கள். பல நிறுவனங்கள் ஐ.எஸ்.ஓ. தரத்தின் இரண்டாம் வகுப்பைத்தான் பின்பற்றுகின்றன. 10 லட்சம் பிக்சலுக்கு 2 எரிந்தபடியும் 2 அணைந்தபடியும் இருப்பதை அது அனுமதிக்கிறது. வாரன்டி அட்டையில் உள்ள அந்த வரியை வாங்கும் முன்பே படித்துவிட வேண்டும்.

பீச் ஸ்டேஷன் எதிரே பர்மா பஜார் 1969-இல் பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களுக்காக வந்தது. வாக்மேனும் வி.சி.ஆரும் எங்கள் பகுதிக்கு வந்த வழி அது. பில் இல்லாத வெளிநாட்டுப் பொருளை நம்பும் பழக்கம் துறைமுகத்தை ஒட்டி வாழும் எங்களுக்கு அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. மானிட்டருக்கு அது ஆகாது. நகைக்கு ஹால்மார்க் போல, மானிட்டருக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு கட்டாயம். பின்புறச் சீட்டில் ஆங்கில 'ஆர்' எழுத்தோடு எட்டு இலக்க எண் இருக்கும்; 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் அதைச் சரிபார்க்கலாம். இறக்குமதியாளர் பெயர், முகவரி, மாதம், ஆண்டு, அதிகபட்ச விலை எதுவும் பெட்டியில் இல்லையென்றால் விட்டுவிடுங்கள். பழைய மானிட்டர் வாங்குவதானால் ஐ.டி. கம்பெனிகளிலிருந்து வரும் ஐ.பி.எஸ். மாடல் நல்லதே. ஆனால் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து பக்கத்தில் ஏ4 தாளைப் பிடியுங்கள். திரை மஞ்சள் பூத்திருந்தால் பின்விளக்கின் ஆயுள் முடிகிறது.

பிரச்சினை வந்தால் முதலில் எழுத்தில் புகார் கொடுங்கள். தொலைபேசியில் பேசியது கணக்கில் சேராது. இணையத்தில் வாங்கியிருந்தால், விற்பனைத் தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் பெற்றதை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்தில் தீர்வு சொல்ல வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டு விதிகள் கட்டாயப்படுத்துகின்றன. அடுத்தது தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலேயே பேசலாம். அதிலும் நடக்கவில்லையென்றால் சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை எங்கே இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் இடத்தில் வழக்குப் போடலாம், வக்கீல் கட்டாயமில்லை, கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். 3 மாதத்தில், ஆய்வகச் சோதனை தேவைப்பட்டால் 5 மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். அதைவிட நீளும் என்று மனத்தைத் தயார் செய்துகொள்ளுங்கள். பில் தொலைந்திருந்தால் யு.பி.ஐ. பணப்பதிவும் வாட்ஸ்அப் பேச்சும் சான்றுகள்.

இரண்டாம் மானிட்டரை வேறு கடையில் வாங்கினேன். மாடல் எண்ணோடு '99% எஸ்.ஆர்.ஜி.பி.' என்றும் பில்லில் எழுதச் சொன்னேன். பையன் தயங்கி முதலாளியைப் பார்த்தான். அவர் விவரத்தாளை ஒருமுறை படித்துவிட்டு, பேனாவால் எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தார்.

எம்.சி. ரோட்டுக்காரர் ஒரு நாள் அறைக்கே வந்து சேலையைத் திரைக்குப் பக்கத்தில் விரித்தார். நீலம் சரியாக இருந்தது. சேலையைச் சற்றுத் திருப்பினார். பச்சை எழுந்தது, திரையில் எழவில்லை. பாவில் ஒரு நிறம், ஊடையில் இன்னொரு நிறம் ஓடும் துணி அது. இப்போது மயில்கழுத்துக்கு மட்டும் இரண்டு கோணத்தில் இரண்டு படம் போடுகிறோம்.