எருக்கு மாலைக்கு மட்டுமா? மல்லாட்டைக்கும் மருந்து, தெரியுமா?

விநாயகர் சதுர்த்திக்குத் திருவண்ணாமலைத் தேரடியில் மாலையாக விற்கும் எருக்கு, வயலில் பூஞ்சணத்தையும் விரட்டும் என்பது தெரியுமா? செங்கம், போளூர், கலசபாக்கம் பக்கம் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடுபவர்களைக் கேளுங்கள், டிக்கா என்ற இலைப்புள்ளி நோயின் கொடுமையைச் சொல்வார்கள். மஞ்சள் வளையம் கட்டிய பழுப்புப் புள்ளி முதலில் வரும். பின்னாலேயே இலையின் அடியில் கன்னங்கரேல் என்று இன்னொரு புள்ளி! இவை இரண்டும் வெவ்வேறு பூஞ்சணங்கள். இலை கொட்டிவிட்டால் காய் எப்படித் திரளும்? இந்த இரண்டுக்கும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைப்பது 10 சதவீத எருக்கிலைச் சாறு! ஒன்று மட்டும் கவனம்: எருக்கம்பால் கண்ணில் படவே கூடாது.

ஏரியை அடைத்துக் கிடக்கும் நெய்வேலிக் காட்டாமணக்கும், கரையெல்லாம் முளைக்கும் சீமைக்கருவேலும் நெல்லைக் காக்கும் என்றால் நம்புவீர்களா? கதிரை வெளியே வரவிடாமல் உறைக்குள்ளேயே அழுகவைக்கும் இலையுறை அழுகலுக்கு, இவற்றில் ஏதாவது ஒன்றின் இலைப்பொடி எக்டேருக்கு 25 கிலோ போதும். சாறு எடுத்து, கண்ணாடி இலைப் பருவத்தில் ஒருமுறை, 15 நாள் கழித்து மறுமுறை தெளிக்க வேண்டும். உளுந்தின் சாம்பல் நோய்க்குத் தைலமர இலைச்சாறு!

வேம்புக்காக ஐரோப்பாவில் நடந்த வழக்கு பூச்சியைப் பற்றியது அல்ல, பூஞ்சணத்தைப் பற்றியது, தெரியுமா? வேப்பெண்ணெயால் பயிர்ப் பூஞ்சணத்தைக் கட்டுப்படுத்தும் முறைக்கு, அமெரிக்க வேளாண்மைத் துறையும் டபிள்யூ. ஆர். கிரேஸ் நிறுவனமும் 1994இல் ஐரோப்பியக் காப்புரிமை வாங்கிவிட்டன. நம் தாத்தா பாட்டி காலத்து அறிவுக்கு அவர்கள் உரிமை கொண்டாடுவதா? சூழலியல் ஆர்வலர் வந்தனா சிவாவும் மற்றவர்களும் 1995இல் எதிர்த்தார்கள். 2000 மே மாதம் காப்புரிமை ரத்து. மேல்முறையீடும் 2005 மார்ச்சில் தள்ளுபடி! நினைத்தாலே நெஞ்சு நிமிர்கிறது.

இன்னொரு அதிசயம்: சகாலின் தீவுப் பக்கத்துச் செடியொன்றின் சாற்றைச் சாம்பல் நோய்க்குத் தெளிக்கிறார்கள். அது பூஞ்சணத்தைக் கொல்வதைவிட, பயிரின் சொந்த எதிர்ப்புச் சக்தியைத்தான் தட்டி எழுப்புகிறது!

நம் வீட்டு வேம்புக்கே வருவோம். 5 கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, 10 லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து, பால்போல வெளுத்த சாற்றைத் துணியில் வடிகட்டி, 100 லிட்டராக்கிக் கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்தால் 5 சதவீதக் கரைசல் தயார். நோய் தலைகாட்டியதுமே, வெயில் தாழ்ந்தபிறகு தெளியுங்கள். கொட்டை எட்டு மாதத்துக்கு மேல் பழசானால் வேண்டவே வேண்டாம், வீரியம் போயிருக்கும்.