உயிருக்கு விலையாகச் செவியைக் கேட்ட ஊசி

2023 மார்ச் 23 அன்று இந்தியக் காப்புரிமை அலுவலகம் ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனத்தின் விண்ணப்பம் ஒன்றை நிராகரித்தது. மருந்து எதிர்ப்புக் காசநோய்க்குத் தரப்படும் பெடாகுவிலின் மாத்திரையின் மீதான தனியுரிமையை 2027 டிசம்பர் வரை நீட்டித்துக்கொள்வதே அந்த விண்ணப்பத்தின் நோக்கம். அதை எதிர்த்து 2019 பிப்ரவரியில் ஆட்சேபம் தாக்கல் செய்தவர்கள் இரு பெண்கள். ஒருவர் மும்பையைச் சேர்ந்த நந்திதா வெங்கடேசன். மற்றவர் தென்னாப்பிரிக்காவின் கயெலிட்ஷாவைச் சேர்ந்த புமேசா திசிலே. இருவரும் காசநோயிலிருந்து மீண்டவர்கள். இருவரும் அந்நோய்க்கு அளிக்கப்பட்ட ஊசியால் கேட்கும் திறனை இழந்தவர்கள்.

மருந்து விலைக்கு எதிரான வெற்றியாக இச்செய்தி அன்று பரவலாகப் பேசப்பட்டது. அது சரியே. ஆனால் ஆட்சேபம் எழுப்பிய இருவரும் எவ்வாறு செவிப்புலனை இழந்தார்கள், அந்த இழப்பு தவிர்க்கக்கூடியதா, இழந்த பிறருக்கு நம் சட்டம் என்ன தருகிறது என்ற கேள்விகள் பின்னுக்குப் போயின. தொழிலாளர் குடியிருப்புகளில் சட்ட உதவிப் பணி செய்யும் எங்களுக்கு அவையே முதன்மையான கேள்விகள்.

அவை எங்களிடம் ஒரு பணிநீக்கப் புகாராகவே வந்தன. ஒப்பந்தத் தூய்மைப் பணியாளரான ஒரு பெண், மேற்பார்வையாளரின் சொல்லைக் கேட்பதில்லை என்ற காரணத்தால் வேலையிலிருந்து நிறுத்தப்பட்டிருந்தார். கேளாமை என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள் உண்டு. நிர்வாகம் எடுத்துக்கொண்டது கீழ்ப்படியாமை என்ற பொருளை. உடன் வந்த மகள்தான், "ஊசி போட்டதுலேர்ந்துதாங்க அம்மாவுக்குக் காது மந்தமாயிடுச்சு" என்றார். சிகிச்சை அட்டையை வாங்கிப் பார்த்தோம். ஆறு மாதங்கள் கனமைசின் ஊசி போடப்பட்டிருந்தது. ஊசி தொடங்குவதற்கு முன்போ இடையிலோ செவித்திறன் சோதனை செய்யப்பட்டதற்கான குறிப்பு எதுவும் அதில் இல்லை.

கனமைசின், அமிக்காசின், ஸ்ட்ரெப்டோமைசின் ஆகியவை அமினோகிளைக்கோசைடு என்னும் மருந்துக் குடும்பத்தைச் சேர்ந்தவை. நம் உட்செவியில் நத்தை ஓடு போலச் சுருண்ட ஓர் உறுப்பு உள்ளது. அதில் வரிசையாக அமைந்த சுமார் 15,000 மயிர்க்கலங்களே ஒலியின் அதிர்வை நரம்புச் சைகையாக மாற்றுகின்றன. ஒலியை உணர்வதற்காக அக்கலங்களின் நுனியில் திறந்து மூடும் நுண்வழிகளின் ஊடாகவே இம்மருந்து உள்ளே நுழைகிறது. இரத்தத்திலிருந்து விரைவில் வெளியேறிவிடும் மருந்து உட்செவியில் வாரக்கணக்கில், சில வேளைகளில் மாதக்கணக்கில் தங்குகிறது. அதனால் ஊசியை நிறுத்திய பிறகும் கேட்கும் திறன் குறைந்துகொண்டே போகலாம். பறவைகளுக்கு மயிர்க்கலங்கள் மீண்டும் முளைக்கும், மனிதருக்கு முளைப்பதில்லை. இறந்த கலம் இறந்ததுதான்.

இந்தச் சேதம் நத்தைச் சுருளின் அடிப்பகுதியில் தொடங்குகிறது. அப்பகுதி மிக உயர்ந்த அதிர்வெண் ஒலிகளுக்கு உரியது. ஆகவே நோயாளிக்குத் தொடக்கத்தில் எதுவும் தெரியாது. காதில் ஓர் இரைச்சல் மட்டும் இருக்கலாம். வழக்கமான செவித்திறன் சோதனை 8,000 ஹெர்ட்ஸுடன் நின்றுவிடுகிறது. அதற்கு மேலும் சோதித்தால்தான் முதல் அறிகுறி பிடிபடும், மருந்தை மாற்றவும் அவகாசம் கிடைக்கும். பேச்சொலியின் எல்லைக்குள் சேதம் இறங்கி வந்தபின் சோதிப்பது, வீடு எரிந்தபின் கிணறு வெட்டுவதே. அந்த நிலையில் நோயாளிக்கு யாரோ பேசுவது கேட்கும். பேசுவது என்ன என்பது புரியாது. 'ச', 'த' போன்ற மெய்யொலிகள் நழுவ, உயிரொலிகளின் முழக்கம் மட்டும் எஞ்சும். "காது கேட்குது, ஆனா வேணும்னே பதில் சொல்றதில்ல" என்று சுற்றியிருப்பவர்கள் சொல்வது இதனால்தான்.

இவை அண்மையில் கண்டறியப்பட்ட உண்மைகள் அல்ல. ஸ்ட்ரெப்டோமைசின் 1943இல் கண்டுபிடிக்கப்பட்டது. அதை மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்த ஹின்ஷா, ஃபெல்ட்மன் ஆகிய அமெரிக்க ஆய்வாளர்கள் 1945இலேயே உட்செவிப் பாதிப்பைப் பதிவு செய்தனர். 1948இல் வெளியான பிரிட்டிஷ் மருத்துவ ஆய்வுக் குழுவின் புகழ்பெற்ற பரிசோதனையிலும் தலைசுற்றல் முக்கியப் பக்கவிளைவாகக் குறிப்பிடப்பட்டது. ஸ்ட்ரெப்டோமைசின் பெரும்பாலும் உடலின் சமநிலையைத் தாக்கியது. 1957இல் ஜப்பானில் உமேசாவா கண்டறிந்த கனமைசின் நேரடியாகக் கேட்கும் திறனைத் தாக்கியது. தாய்வழியாக வரும் ஒரு மரபணு மாற்றம் உள்ளவர்களுக்கு இம்மருந்துகளால் செவித்திறன் போகும் அபாயம் மிக அதிகம் என்று 1993இல் தெரியவந்தது. அந்த மாற்றத்தை 26 நிமிடங்களில் கண்டறியும் கருவியை இங்கிலாந்தின் மான்செஸ்டரில் பச்சிளம் குழந்தைகளிடம் பயன்படுத்திப் பார்த்த ஆய்வு 2022இல் வெளிவந்தது. ஆக, அறிவியலுக்குத் தெரியாமல் இருந்தது என்று எவரும் சொல்ல இயலாது.

தெரிந்திருந்தும் மருந்து எதிர்ப்புக் காசநோய்க்கு ஆறு முதல் ஒன்பது மாதங்கள் வரை அன்றாடம் ஊசி போடுவதே பல்லாண்டுகளாக விதியாக இருந்தது. அவ்வாறு சிகிச்சை பெற்றவர்களில் 100க்கு ஏறத்தாழ 40 பேருக்குச் செவித்திறன் பாதிக்கப்பட்டதாக, பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2021இல் வெளியான மதிப்பீடு கூறுகிறது. உயிரா, காதா என்று கேட்டால் உயிர்தான் என்பதே மருத்துவ உலகின் விடையாக இருந்தது. அந்த விடையைக்கூட 2018இல் வெளிவந்த ஒரு பகுப்பாய்வு தகர்த்தது. 25 நாடுகளின் 12,030 நோயாளிகளுடைய தரவுகளை ஒன்றுதிரட்டி 'லான்செட்' இதழில் வெளியிடப்பட்ட ஆய்வு அது. கனமைசின் பெற்றவர்களின் சிகிச்சை முடிவுகள் ஊசியே பெறாதவர்களைவிட மோசமாக இருந்தன என்றும், பெடாகுவிலின் பெற்றவர்களின் முடிவுகள் மேம்பட்டிருந்தன என்றும் அது காட்டியது. அதே ஆண்டு கனமைசினை இனிப் பரிந்துரைப்பதில்லை என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. உயிருக்கு விலையாகச் செவியைக் கொடுத்தவர்களில் பலர், வாங்காத பொருளுக்கு விலை கொடுத்திருக்கிறார்கள்.

அவர்கள் யார்? உலகின் காசநோயாளிகளில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் இந்தியர்கள். ஜார்க்கண்டில் காசநோயாளிகளின் குடும்பங்களுக்கு உணவுப் பொருள் வழங்கி நடத்தப்பட்ட ஆய்வு 2023இல் வெளியானது. கூடுதல் உணவு கிடைத்த குடும்பங்களில் புதிதாக நோய் தொற்றுவது 39 விழுக்காடு குறைந்தது. பசியும் காற்றோட்டமற்ற ஒற்றை அறையும் இந்நோயின் விளைநிலம் என்பதற்கு இதைவிட நேரடியான சான்று வேண்டியதில்லை. இந்த நாட்டில் அவ்விரண்டும் யாருக்கு வாய்க்கும் என்பதைச் சாதி பெரும்பாலும் பிறப்பிலேயே எழுதிவிடுகிறது. கறுப்பின மக்களை ஒதுக்கி வைக்க நிறவெறி அரசு உருவாக்கிய குடியிருப்புகளில் ஒன்றான கயெலிட்ஷாவுக்கும் நம் சேரிகளுக்கும் இந்நோய் பொதுவாக இருப்பதில் வியப்பில்லை.

பெடாகுவிலினுக்கு அமெரிக்கா 2012 டிசம்பரில் அனுமதி அளித்தது. இதயத் துடிப்பைக் கண்காணிக்க வேண்டிய மருந்துதான். ஆயினும் அது செவியைப் பறிப்பதில்லை. இந்தியாவில் 2016இல்தான் அது அரசுத் திட்டத்துக்குள் வந்தது, அதுவும் தொடக்கத்தில் 6 மருத்துவமனைகளில் மட்டும். பாட்னாவைச் சேர்ந்த 18 வயதுப் பெண்ணுக்கு, அவர் டெல்லிவாசி அல்லர் என்று கூறி மருந்து மறுக்கப்பட்டது. அவருடைய தந்தை டெல்லி உயர் நீதிமன்றத்தை அணுகிய பிறகே 2017 ஜனவரியில் அதற்கு வழி பிறந்தது. ஒரு மாத்திரைக்கு இருப்பிடச் சான்று கேட்ட காலம் அது.

இந்தப் பின்னணியில்தான் காப்புரிமை ஆட்சேபத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். பெடாகுவிலினின் மூலக் காப்புரிமை 2023 ஜூலையில் முடிவதாக இருந்தது. அதே மருந்தின் உப்பு வடிவத்துக்குத் தனிக் காப்புரிமை பெற்றால் மேலும் நான்கு ஆண்டுகளுக்கு மேல் சந்தையைக் கைக்குள் வைத்திருக்கலாம் என்பது நிறுவனத்தின் கணக்கு. அறிந்த பொருளின் புது வடிவத்துக்கு, அதன் பயன்திறன் கூடியதாக நிறுவப்படாவிட்டால், காப்புரிமை இல்லை என்கிறது நம் காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவு. நோவார்ட்டிஸ் வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது இப்பிரிவின் பொருளைத்தான். காப்புரிமை வழங்கப்படும் முன் 'எந்த நபரும்' ஆட்சேபிக்கலாம் என்கிறது 25(1) பிரிவு. அந்த 'எந்த நபரும்' என்ற சொற்களின் வழியாகவே செவியிழந்த இரு பெண்கள் ஒரு பன்னாட்டு நிறுவனத்தின் எதிரே அமர முடிந்தது. 2023 ஆகஸ்டில் ஆறு மாதச் சிகிச்சைக்கான மருந்தின் உலகளாவிய கொள்முதல் விலை 130 டாலர் வரை இறங்கியது. முந்தைய விலையில் அது பாதிக்கும் குறைவு. ஆனால் 2024 மார்ச்சில் திருத்தப்பட்ட காப்புரிமை விதிகள் இத்தகைய ஆட்சேபத்துக்குக் கட்டணம் விதித்துள்ளன. ஆட்சேபம் ஏற்கத்தக்கதா என்பதை அதிகாரி முதலில் முடிவு செய்யும் படிநிலையையும் புகுத்தியுள்ளன. சட்டம் பயிலும் மாணவர்கள் இந்தத் திருத்தத்தை ஒருமுறை ஊன்றிப் படிக்க வேண்டும்.

இனி வரும் நோயாளிகளுக்கு இந்த வெற்றி பயன்படும். ஊசியில்லாத ஆறு மாதச் சிகிச்சைக்கு நடுவண் அரசு 2024 செப்டம்பரில் ஒப்புதல் அளித்துள்ளது. ஏற்கெனவே செவியிழந்தவர்களின் நிலை என்ன?

நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமே என்று பலர் சொல்வார்கள். வி.பி. சாந்தா வழக்கில் 1995இல் உச்ச நீதிமன்றம், எல்லோருக்கும் இலவசமாக அளிக்கப்படும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று தீர்ப்பளித்தது. காசநோய் மருந்து எல்லோருக்கும் இலவசம். காசு கொடுத்து வைத்தியம் பார்த்தவருக்குத் திறந்திருக்கும் கதவு, அரசு மருத்துவமனை வரிசையில் நின்றவருக்கு மூடியிருக்கிறது. உரிமையியல் நீதிமன்றம் சென்றால் இன்னொரு சுவர். நடைமுறையில் ஏற்கப்பட்ட சிகிச்சை முறையைப் பின்பற்றிய மருத்துவர் கவனக்குறைவாக நடந்தவர் ஆகார் என்பது ஜேக்கப் மேத்யூ தீர்ப்பு, 2005. கனமைசினோ அரசே வகுத்த சிகிச்சை முறை.

எங்கள் கணிப்பில் எஞ்சியிருப்பது ஒப்புதல் பற்றிய வாதம். சமீரா கோலி வழக்கில் 2008இல், சிகிச்சையின் கணிசமான அபாயங்களைச் சொல்லிப் பெறுவதே உண்மையான ஒப்புதல் என்று உச்ச நீதிமன்றம் வரையறுத்தது. காது போகலாம் என்று நோயாளிக்கு அவருடைய மொழியில் சொல்லப்பட்டதா? சோதனை செய்து கண்காணிக்கப்பட்டதா? இவ்விரண்டுக்கும் 'இல்லை' என்பது விடையானால், அரசமைப்பின் 21ஆம் உறுப்பின் கீழ் உயர் நீதிமன்றத்தில் இழப்பீடு கோர இடமுண்டு. எளிதான வழி என்று சொல்லமாட்டோம். ஆவணங்கள் நோயாளியின் கையில் இருப்பதே அரிது.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 வேறொரு சிக்கலைக் கொண்டுள்ளது. பேச்சொலி அதிர்வெண்களில் இரு செவிகளிலும் 70 டெசிபல் இழப்பு இருந்தால் 'காது கேளாதவர்'. 60 முதல் 70 வரை இருந்தால் 'கேட்கும் திறன் குறைந்தவர்' என்கிறது அதன் அட்டவணை. உலக சுகாதார நிறுவனமோ நன்றாகக் கேட்கும் செவியில் 35 டெசிபலுக்கு மேற்பட்ட இழப்பையே ஊனப்படுத்தும் இழப்பாகக் கொள்கிறது. இடைப்பட்ட 25 டெசிபலுக்குள் சிக்கியவர்களுக்குச் சான்றிதழ் கிடையாது. நாங்கள் சொன்ன தூய்மைப் பணியாளரின் நல்ல செவியில் பதிவான இழப்பு 54 டெசிபல்.

ஆயினும் அட்டவணையோடு சட்டம் முடிந்துவிடுவதில்லை. நீண்டகாலப் புலன்குறைபாடு, சமூகத் தடைகளோடு சேர்ந்து ஒருவரின் முழுப் பங்கேற்பைத் தடுத்தால் அவர் மாற்றுத்திறனாளி என்று 2(எஸ்) பிரிவு விரிவாகப் பேசுகிறது. விகாஷ் குமார் வழக்கில் 2021இல் உச்ச நீதிமன்றம், 40 விழுக்காட்டு அளவுகோலை எட்டாதவருக்கும் நியாயமான வசதி மறுக்கப்படலாகாது என்று இப்பிரிவைக் கொண்டே கூறியது. பணிக்காலத்தில் குறைபாடு அடைந்தவரை வேலையிலிருந்து நீக்கக்கூடாது என்கிறது 20(4) பிரிவு. அது அரசு நிறுவனங்களுக்கு மட்டும் பொருந்துவது. நகரைக் கூட்டுபவரை ஒப்பந்ததாரரின் ஆள் என்று எழுதிக்கொண்டால் அந்தப் பாதுகாப்பும் கைநழுவும். தலைமுறைகளாக நம் மக்கள் மீது சுமத்தப்பட்ட தொழில், சட்டப் பாதுகாப்பு தேவைப்படும் நாளில் மட்டும் தனியார் வேலையாகிவிடுகிறது.

எனவே அவருக்காக நாங்கள் முன்வைத்துள்ள வாதம் இரண்டடுக்கு கொண்டது. உள்ளாட்சி அமைப்பே முதன்மை வேலையளிப்பவர் என்பது முதலாவது. 54 டெசிபலும் 2(எஸ்) பிரிவுக்குள் அடங்கும் என்பது இரண்டாவது. அதற்காகச் செவித்திறன் சோதனை அறிக்கையையும், ஊசி போட்ட நாள்கள் குறிக்கப்பட்ட பழைய சிகிச்சை அட்டையையும், பணிநிறுத்தக் கடிதத்தையும் ஒன்றாக இணைத்துத் தாக்கல் செய்திருக்கிறோம். கடந்த விசாரணையின்போது அவருடைய பெயர் மூன்று முறை அழைக்கப்பட்டது. மகள் தோளைத் தொட்ட பிறகே அவர் எழுந்தார்.