எட்டு லைட், நாப்பது பசங்க: ஸ்கூல் நாடகத்துக்கு ஒளி அமைக்கிறது எப்படி?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை அப்படியே விட்டு, வாசிப்பதற்காகக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறோம்.)

இந்த வாரம் நமக்கு வந்த ஒரு வாய்ஸ் நோட்டுல இருந்து ஆரம்பிக்கலாம். அனுப்பினவங்க கரையான்சாவடியில ஒரு ஸ்கூல் டீச்சர். ஆண்டு விழாவுல முப்பத்தஞ்சு நிமிஷ நாடகம், நாப்பது பசங்க. மைதானத்துல பந்தல்காரர் மேடை போட்டுடுவார். சவுண்ட் சர்வீஸ்காரர் "எட்டு எல்.ஈ.டி. பார், ரெண்டு ஷார்பி, ஒரு ஸ்மோக் மெஷின் தர்றேன் மேடம்"னு சொல்லியாச்சு. டீச்சரோட கேள்வி: "போன வருஷம் கடைசி வரிசையில உக்காந்த அம்மா அப்பாவுக்கு அவங்க பொண்ணு எதுன்னே தெரியல. இந்தத் தடவை அப்படி ஆகக் கூடாது. என்ன பண்ணலாம்?"

முதல்ல, ஏன் தெரியலன்னு பார்ப்போம். ஆண்டு விழா மேடையில லைட் எல்லாம் பெரும்பாலும் பின்னாடி ட்ரஸ்ல இருந்து ஆடியன்ஸைப் பார்த்து அடிக்கும். ஆட்டோ மோட்ல சிவப்பு, பச்சை, நீலம்னு ஓடிக்கிட்டே இருக்கும். குரூப் டான்ஸுக்கு அது ஓகே. உடம்போட அசைவு தெரிஞ்சா போதும். நாடகத்துக்கு கண்ணும் வாயும் தெரியணும். மேல ரெண்டு மைக் மட்டும் தொங்குற மேடையில, வாய் அசையுறது தெரியலன்னா பேசுறது யாருன்னே புரியாது. "சத்தம் சரியில்ல"ன்னு நாம சொல்ற பல நாடகங்கள்ல, உண்மையில லைட்தான் சரியில்ல.

அதனால எட்டுல ஆறு லைட்டை முகத்துக்கு ஒதுக்கிடுங்க. மேடைக்கு முன்னாடி, இடது வலது ரெண்டு பக்கமும் ஒவ்வொரு ஸ்டாண்ட், ஆளுக்கு மூணு லைட். மீதி ரெண்டு பின்னாடி மேலே இருந்து தலையிலும் தோளிலும் விழட்டும். அப்பதான் பசங்க பின்திரையோட ஒட்டிப் போகாம தனியா தெரிவாங்க.

ஸ்டாண்ட் எவ்வளவு உயரம்? இங்க ஒரு சின்னக் கணக்கு இருக்கு. மேடை மூணு அடி, அதுக்கு மேல பையனோட முகம் நாலு அடின்னு வைங்க. தரையில இருந்து ஏழு அடி. லைட் 15 அடி உயரத்துல இருந்தா முகத்தை விட எட்டு அடி மேல. ஸ்டாண்டை மேடை விளிம்புல இருந்து ஆறு அடி முன்னாடி வையுங்க. விளிம்புல இருந்து ரெண்டு அடி உள்ளே நிக்கிற பையனுக்கு வெளிச்சம் 45 டிகிரியில விழும். எட்டு அடி உள்ளே நிக்கிறவனுக்கு ஏறக்குறைய 30 டிகிரி. இந்த ரெண்டுக்கும் நடுவுல இருந்தா முகம் முகமா இருக்கும். ரொம்ப கீழே இருந்து அடிச்சா பேய்ப்படம், பின்திரையில ராட்சச நிழல். நேர் மேலே இருந்து அடிச்சா கண்ணு இருக்கிற இடத்துல ரெண்டு குழி. அமெரிக்காவுல யேல் பல்கலைக்கழகத்துல பாடம் நடத்தின ஸ்டான்லி மெக்காண்ட்லெஸ், 1932-ல வந்த தன் புத்தகத்துல இந்த முறையைத்தான் ஒழுங்குபடுத்திச் சொன்னார்: ரெண்டு பக்கம், 45 டிகிரி, ஒரு பக்கம் கொஞ்சம் இளஞ்சூடான நிறம், மறுபக்கம் கொஞ்சம் குளிர்ந்த நிறம். இன்னைக்கும் லைட்டிங் வகுப்புல முதல் பாடம் அதுதான்.

புத்தகம் வர்றதுக்கு முன்னாடியே இந்தப் பிரச்சனையை நம்ம ஊர்க்காரங்க வேற வழியில தீர்த்துட்டாங்க. பூந்தமல்லியைத் தாண்டி காஞ்சிபுரம், செய்யாறுன்னு போனா தெருக்கூத்து பூமி. புரிசை அந்தப் பக்கம்தான். விடிய விடிய நடக்குற கூத்துக்கு ஒரு காலத்துல தீவட்டி, அப்புறம் பெட்ரோமாக்ஸ், இப்போ டியூப் லைட். விளக்கு குறைச்சல்ங்கிறதால வேஷமே வெளிச்சத்தைப் பிடிக்கிற மாதிரி இருக்கும். கிரீடத்துலயும் புஜக்கட்டையிலயும் கண்ணாடித் துண்டு, மினுமினுக்குற காகிதம். முகத்துல அழுத்தமான வண்ணம், கண்ணைச் சுத்தி தடிச்ச கோடு. ராஜா வரும்போது ரெண்டு பேர் திரையைப் பிடிச்சுக்கிட்டு நிப்பாங்க. அவர் அதுக்குப் பின்னாடி இருந்து கொஞ்சம் கொஞ்சமாத்தான் வெளிப்படுவார். நாம ஃபேட்-இன்னு சொல்றதை ஒரு துணியை வெச்சுப் பண்ணிட்டாங்க! லைட் கம்மின்னு வருத்தப்படுற டீச்சர்கள் மேக்கப்பையும் காஸ்ட்யூமையும் இந்தக் கண்ணோட பாருங்க.

காஸ்ட்யூம்னு சொன்னதும் நிறத்துக்கு வந்துடலாம். சிவப்புத் துணி சிவப்பா தெரியறதுக்குக் காரணம், அது சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்புது. சுத்தமான பச்சை லைட்டுல சிவப்பே கிடையாது, அப்போ அது எதைத் திருப்பி அனுப்பும்? ராஜாவோட சிவப்பு அங்கி கறுப்பாயிடும். நம்ம தோல் நிறத்துக்கும் இதே கதிதான். பச்சையிலயும் நீலத்துலயும் முகம் செத்துப் போயிடும். மலிவான எல்.ஈ.டி. பார்ல சிவப்பு, பச்சை, நீலம் மூணையும் கலந்து எடுக்கிற வெள்ளையும் முகத்துக்கு அவ்வளவு நல்லா இருக்காது. சர்வீஸ்காரர்கிட்ட "அண்ணே, வார்ம் ஒயிட் இருக்குற பார் குடுங்க, இல்லன்னா ஆம்பர் இருக்குறது"ன்னு கேளுங்க. ராத்திரி காட்சி வேணுமா? பின்னாடி இருக்கிற ரெண்டு லைட்டை மட்டும் நீலமாக்குங்க, முகத்து லைட்டைக் குறைங்க, அணைக்காதீங்க. நீலத்தை முதுகு பார்த்துக்கும்.

இனி இருட்டு. கொல்கத்தாவுல தாபஸ் சென்னு ஒரு ஒளியமைப்பாளர் இருந்தார். 1959-ல மினர்வா தியேட்டர்ல உத்பல் தத் போட்ட 'அங்கார்' நாடகம் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகளைப் பத்தினது. கடைசியில சுரங்கத்துக்குள்ள வெள்ளம் ஏறி அவங்க மூழ்குறாங்க. மேடையில தண்ணி கிடையாது, எல்லாமே லைட்தான். மேடை இருட்டா இருந்ததாலதான் அந்த லைட்டை ஜனங்க தண்ணின்னு நம்பினாங்க.

கரையான்சாவடி மைதானத்துல அந்த இருட்டு எங்க கிடைக்கும்? ட்ரங்க் ரோட்டு கடை போர்டு, தெரு விளக்கு எல்லாம் உள்ளே எட்டிப் பார்க்கும். ரெண்டு விஷயம் நம்ம கையில இருக்கு. ஒண்ணு, நேரம். ஜனவரியில சென்னையில சூரியன் மறையுறதே ஆறு மணி வாக்குல. அஞ்சரைக்கு நாடகம் வெச்சா எந்த லைட்டும் வேலை செய்யாது. பேச்சு, பரிசளிப்பை முன்னாடி தள்ளிட்டு நாடகத்தை ஆறரைக்கு மேல வைங்க. (சீஃப் கெஸ்ட் லேட்டா வந்தா அதுவும் நன்மைக்கே.) ரெண்டு, பந்தலோட ட்யூப் லைட். அதோட ஸ்விட்ச் எங்க இருக்கு, யார் அணைப்பாங்கன்னு முதல் நாளே பேசி வைங்க. பாதைக்கு மட்டும் ஒண்ணு ரெண்டு எரியட்டும்.

அடுத்தது கரன்ட். இதுல விளையாட்டு வேணாம். 54 எல்.ஈ.டி. இருக்குற ஒரு பார், அதிகபட்சம் 160 வாட் இழுக்கும்னு வைங்க. எட்டுக்கு 1,280 வாட், 230 வோல்ட்டுல ஆறு ஆம்பியருக்குக் கொஞ்சம் கம்மி. அதனால வகுப்பறையில இருக்கிற சின்ன ப்ளக் பாயின்ட்ல எல்லாத்தையும் சேர்த்துக் கோர்க்காதீங்க, 16 ஆம்பியர் பாயின்ட் வேணும். பழைய ஆயிரம் வாட் பார் கேன் ஆறு வந்தா கதையே வேற: 26 ஆம்பியர். அதுக்கு ஸ்கூல் எலக்ட்ரீஷியன் தனி லைன் இழுக்கணும், எர்த் இருக்கணும், ஆர்.சி.சி.பி. இருக்கணும். சவுண்டுக்கு வேற லைன். தலைக்கு மேல தொங்குற ஒவ்வொரு லைட்டுக்கும் கிளாம்ப் போக ஒரு சேஃப்டி கம்பி. முந்தின நாள் மழை பெய்ஞ்சிருந்தா, வயர் ஜாயின்ட் எதுவும் தரையில கிடக்கலையேன்னு நடந்து பாருங்க. சின்னப் பசங்க செருப்பில்லாம ஓடுற இடம் அது.

அந்த ஷார்பி ரெண்டையும் நான் வேணாம்னே சொல்வேன். கண்ணுல நேரா விழுந்தா பசங்க வசனத்தை மறந்துடுவாங்க. வேகமா மின்னுற ஸ்ட்ரோபும் வேணாம். அது சிலருக்கு வலிப்பைத் தூண்டும், கூட்டத்துல யாருக்கு அந்தப் பிரச்சனை இருக்குன்னு உங்களுக்குத் தெரியாது.

கடைசியா, இதையெல்லாம் யார் இயக்குறது? சர்வீஸ்காரருக்குக் கதை தெரியாது. ஒன்பதாவது, பத்தாவதுல மேடையேற விருப்பமில்லாத ரெண்டு பேர் கண்டிப்பா இருப்பாங்க. அவங்களை ஒத்திகைக்கு முதல் நாளில் இருந்தே உக்கார வைங்க. ஒரு நோட்டுல நாலு கட்டம்: க்யூ நம்பர், எந்த வசனம் முடிஞ்சதும், எந்த லைட் எவ்வளவு, மாற எத்தனை செகண்ட். முப்பத்தஞ்சு நிமிஷத்துக்கு பதினஞ்சு க்யூ தாராளம். ஒருத்தர் நோட்டைப் பார்த்து "ஏழு, ரெடி... போ"ன்னு சொல்லணும், இன்னொருத்தர் டி.எம்.எக்ஸ். போர்டுல கை வைக்கணும். விழாவுக்கு முந்தின நாள் சாயங்காலம், இருட்டினதுக்கு அப்புறம், லைட்டோட ஒரு முழு ஒத்திகை. அதுக்கும் சேர்த்து வாடகை பேசிடுங்க. அந்த நேரம் டீச்சர் மேடைப் பக்கம் போகவே வேண்டாம். கடைசி வரிசை நாற்காலியில உக்காந்து, ஒவ்வொரு பிள்ளையா முகம் தெரியுதான்னு பாருங்க. தெரியலன்னா ஒரு அடி முன்னாடி வந்து நிக்கச் சொல்லுங்க, தரையில அந்த இடத்துல ஒரு துண்டு டேப் ஒட்டுங்க.