ஐந்து தட்டுகளை வைத்து வாதாடியவர்

சங்கத்தில் புதிதாகச் சேர்ந்து ஊதியப் பேச்சுவார்த்தைக்குக் கிளம்பும் பையன்களுக்கு நான் முதலில் சொல்வது எர்னஸ்ட் பெவினைப் பற்றித்தான்.

1881-ல் இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியில் ஒரு கிராமத்தில் பிறந்தவர். அப்பா யாரென்று தெரியாது. எட்டு வயதில் அம்மாவும் போய்விட்டார். பதினோரு வயதோடு படிப்பு நின்றது. பிரிஸ்டலில் வண்டியோட்டிப் பிழைத்தவர், 1910-ல் துறைமுகத் தொழிலாளர் சங்கத்துக்கு வந்தார்.

1920-ல் துறைமுகக் கூலியை விசாரிக்க ஷா பிரபு தலைமையில் நீதிமன்றம் அமர்ந்தது. நாளொன்றுக்கு 16 ஷில்லிங் கேட்டது சங்கம். முதலாளிகள் பக்கம் ஒரு பேராசிரியர் வந்து, ஐந்து பேர் குடும்பத்துக்கு இவ்வளவு இருந்தால் போதும் என்று கணக்குக் காட்டினார். பெவின் சந்தைக்குப் போனார். அந்தக் கணக்கில் கண்ட அளவுக்கே உணவு வாங்கி, சமைத்து, ஐந்து தட்டுகளில் பங்கிட்டு நீதிமன்றத்தில் கொண்டுபோய் வைத்தார். நாள் முழுக்கக் கோதுமை மூட்டை சுமக்கிறவனுக்கு இது காணுமா என்று கேட்டார். 16 ஷில்லிங் கிடைத்தது.

காலையில் வாசலில் கூட்டமாக நிற்க, மேஸ்திரி கைகாட்டியவனுக்கு மட்டும் வேலை என்ற முறை ஒழிய வேண்டும் என்றும் அந்த விசாரணை சொன்னது. அது காகிதத்திலேயே கிடந்தது. 1922-ல் பல சங்கங்களை ஒன்றாக்கி, போக்குவரத்து, பொதுத் தொழிலாளர் சங்கத்தைக் கட்டினார் பெவின். 1940-ல் சர்ச்சில் அவரைத் தொழிலாளர் அமைச்சராக்கினார். அப்போது அவர் நாடாளுமன்ற உறுப்பினர்கூட இல்லை. பதவிக்கு வந்ததும் துறைமுக ஆட்களைப் பதிவு செய்ய வைத்தார். கப்பல் வராத நாளிலும், வேலைக்கு வந்து நின்றவனுக்குப் பணம் என்ற ஏற்பாடு வேரூன்றியது. 1946-ல் அங்கே அதற்கென நிரந்தரச் சட்டம் வந்தது. 1948-ல் அதே பெயரில் நம் நாட்டிலும். சென்னை ஹார்பரில் மூட்டை தூக்கிய என் அப்பாவின் பெயர் பதிவேட்டில் ஏறியது அந்தச் சட்டத்தால்தான். எங்கள் வீட்டில் மாதக் கடைசியிலும் உலை கொதித்தது.

1945-லிருந்து பெவின் வெளியுறவு அமைச்சர். மார்ஷல் உதவி, நேட்டோ, பாலஸ்தீனச் சிக்கல் என்று அது பெரிய வரலாறு. என் மனம் நிற்பது வேறிடத்தில். 1949-ல் லண்டன் துறைமுகத்தில் வேலை நின்றபோது, தொழிற்கட்சி அரசு சரக்கிறக்கப் படைவீரர்களை அனுப்பியது. இதை என்னால் நியாயப்படுத்தவே முடியவில்லை. அந்த அமைச்சரவையில் பெவினும் இருந்தார். வேலையை நிறுத்தியவர்களில் அவர் கட்டிய சங்கத்தின் உறுப்பினர்களும் இருந்தார்கள்.